பந்தல் வீட்டு நோட்டீஸ்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்குக் காத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். காலையில இருந்து வயித்தைப் புரட்டிக்கிட்டே இருக்கு. பயப்படாதீங்க, உங்க மேல எல்லாம் வாந்தி எடுத்திர மாட்டேன். இது பஸ் புரட்டல் இல்ல. கோர்ட்டுக்குப் போயிட்டு வர்றேன், அந்தப் புரட்டல்.

வக்கீலான்னு கேக்குறீங்களா? நல்லாத்தான் கேட்டீங்க. இந்தச் சட்டையையும் இந்தச் செருப்பையும் பாத்தா வக்கீல் மாதிரியா இருக்கு? கோர்ட் அமீனா தம்பி நான். பேரு குருவையா. சம்மன், நோட்டீஸ், ஜப்தி உத்தரவு, எல்லாத்தையும் கொண்டுபோய் வாசல்ல நின்னு கையெழுத்து வாங்குற ஆளு. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். இன்னும் நாலு மாசத்துல ரிட்டயர்டு. என் சைக்கிள் தெருமுனையில திரும்பினாலே வீட்டுல இருக்குற ஆம்பளை ஊர்ல இல்லாம போயிருவான். பொண்டாட்டி வாசலுக்கு வந்து, "அவுக மெட்ராஸ் போயிருக்காக"ம்பா. அவ முதுகுக்குப் பின்னாடியே அவன் இருமுவான். எத்தனை இருமல் கேட்டிருப்பேன்! மனுஷ ஜாதி மேல எனக்கு எப்பவோ அருவருப்பு வந்துருச்சு தம்பி. ஆனா இன்னைக்கு மாதிரி என்னைக்கும் இல்ல.

இன்னைக்கு நான் பேப்பர் குடுக்கப் போகல. எனக்கே பேப்பர் குடுத்துட்டாங்க. சாட்சி சம்மன். ஊருக்கெல்லாம் சம்மன் குடுத்தவனுக்கு ஒரு சம்மன். அதையும் என்கூட தினமும் டீ குடிக்கிற பயலே கொண்டுவந்து நீட்டுறான். நீட்டிட்டு, "ஊர்ல இல்லைன்னு எழுதிக்கட்டுமாண்ணே?"ன்னு பல்லைக் காட்டுறான். சீ.

விஷயத்தைச் சொல்றேன். நீங்க எங்க இறங்கணும்? அப்ப நேரம் இருக்கு.

எங்க டவுன்ல வேதமூர்த்தி மாஸ்டர்னு ஒருத்தர் உண்டு. ஒருத்தராவது மண்ணாவது! அந்த ஆளைச் சொல்லும்போது இன்னமும் வாயில மரியாதை ஒட்டிக்கிட்டு வருது பாருங்க, துப்பினாலும் போக மாட்டேங்குது. கையெழுத்து கிளாஸ் எடுக்குறவர். வீட்டு மாடியில கொட்டகை போட்டு, சின்னப் பிள்ளைங்களுக்கு. எந்தக் கோணல் கையெழுத்தையும் நாப்பது நாள்ல முத்து முத்தா ஆக்கிருவார்னு பேரு. டாக்டர் வீட்டுப் பிள்ளை, ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, எல்லாம் அங்கதான். பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சு எழுதச் சொல்லிக் குடுப்பார், அவ்வளவு அக்கறைன்னு பேசிக்குவாங்க. என் மகளைக்கூட அனுப்பணும்னு நினைச்சேன். அப்ப வசதிப்படல, அனுப்பல. இப்ப நினைச்சா... விடுங்க.

அங்க படிச்ச பிள்ளைதான் வழக்குப் போட்ட பொண்ணு. பேரைச் சொல்லக் கூடாது. கோர்ட் பேப்பர்லயே அந்தப் பொண்ணு பேரு இல்ல, பேருக்குப் பதிலா ஒத்தை எழுத்துதான் இருக்கு. ஒம்பது வயசுல போயி மூணு வருஷம் படிச்சிருக்கு. என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்காதீங்க. பிராதுல, அதான் அந்தப் பொண்ணு போட்ட வழக்கு மனுவுல, எழுதியிருக்கு. நோட்டீஸோட பிராது நகலையும் சேத்துத்தான் எதிராளிகிட்ட குடுக்கணும். போற வழியில அதை ஒரு பார்வை பாக்குறது என் பழக்கம். எவன் யாரு சொத்தைத் தின்னான்னு தெரிஞ்சுக்கிட்டா வாசல்ல பேச வசதியா இருக்கும். அன்னைக்கு வேப்பமரத்தடியில சைக்கிளை நிறுத்திட்டு ரெண்டு பக்கம் படிச்சேன். மூணாவது பக்கத்தைத் திருப்பல தம்பி. திருப்ப முடியல.

போலீஸ் கேஸ் போடலையான்னு கேப்பீங்க. போட்டாங்க. அந்தப் பொண்ணுக்குப் பதிமூணு வயசு இருக்கும்போது அம்மாகாரிகிட்ட சொல்லிருக்கு. கேஸ் ஆச்சு. மாஸ்டரை உள்ளே வச்சாங்க. விசாரணை வந்தப்ப அந்த அம்மாகாரியே கூண்டுல ஏறி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, பிள்ளை ஏதோ உளறுது"ன்னுட்டா. நாளைக்குப் பிள்ளைக்கு மாப்பிள்ளை வர மாட்டான்னு சொந்தக்காரங்க எல்லாம் சேந்து சொல்ல வச்சாங்களாம். பெத்தவ தம்பி! பெத்தவளே சொன்னா நீதிபதி என்ன செய்வார்? மாஸ்டர் விடுதலை. தெருவுல வெடி போட்டு, மாலை போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. அடுத்த மாசமே மாடியில கிளாஸ். இந்த ஊருக்கு வெக்கம்னு ஒண்ணு இருக்கா சொல்லுங்க?

அந்தப் பொண்ணு வளந்து, காலேஜைப் பாதியில விட்டு, வெளியூர்ல எங்கேயோ வேலை பாத்துக்கிட்டு, சிவில் வழக்குன்னு ஒண்ணு தனியா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டிருக்கு. ஜெயிலு தண்டனை வேற, நஷ்டஈடு வேற. மேஜரானதுல இருந்து மூணு வருஷத்துக்குள்ள போட்டாகணும்னு கணக்காம். இருபத்தொண்ணு நிறைய ரெண்டு மாசம் இருக்கும்போது வந்து போட்டுருச்சு. நஷ்டஈடுன்னதும் எனக்கே முதல்ல முகம் சுளிச்சுச்சு. உண்மையைச் சொல்றேன். இதுக்கெல்லாமா பணம் கேப்பாங்கன்னு நினைச்சேன். அப்புறம் ஜெயசெல்வின்னு அதோட வக்கீலம்மா வாதாடுறப்ப வெளியே நின்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ராத்திரி தூங்கி வருஷக்கணக்காச்சாம். டாக்டர்கிட்ட போகாத மாசம் இல்லையாம். அதுக்கெல்லாம் யாரு குடுப்பான்னு அந்தம்மா கேட்டாங்க. 

மாஸ்டருக்குன்னு இருக்குற ஒரே சொத்து அந்த மாடி வீடுதான். வழக்கு முடியுறதுக்குள்ள அதை வித்துட்டாலோ யாருக்காவது எழுதி வச்சுட்டாலோ, தீர்ப்பு வந்தும் பிரயோஜனம் இல்ல. அதனால முன்னாடியே வீட்டை ஜப்தி பண்ணி வைக்கணும்னு ஒரு மனு. ஜெயிச்சா வீடு ஏலத்துக்கு வரும், அந்த மாடிக்கும் ஒரு பூட்டு விழும். அந்தப் பொண்ணு கேட்டது அவ்வளவுதான். அந்த மனுவுக்கான நோட்டீஸ்தான் என் பையில இருந்துச்சு.

வைகாசி மாசம். நல்ல வெயில். தெருவுக்குள்ள நுழையுறேன், தெருவை அடைச்சுப் பந்தல். வாழைமரம், சீரியல் பல்பு, ரேடியோ செட்டு. மாஸ்டர் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் கிடைக்காம வீட்டு வாசல்லயே வச்சுட்டாங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அமீனாங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. பந்தல் போட்ட வீட்டுக்குப் பேப்பர் கொண்டுபோகக் கூடாது. கல்யாணப் பந்தலா இருந்தாலும் சரி, எழவுப் பந்தலா இருந்தாலும் சரி. சட்டத்துல அப்படி இல்ல. ஆனா மனுஷனுக்குன்னு ஒரு முறை இருக்குல்ல? தாலி கட்டுற நேரத்துல போயி ஜப்தி நோட்டீஸை நீட்டினா கல்யாணப் பொண்ணு வாழ்க்கை என்ன ஆகும்? யார் வீட்டுப் பொண்ணா இருந்தாலும் பொண்ணுதானே. முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவைகூட நான் அந்த முறையை மீறினதில்ல. வேணும்னா டவுன்ல யார்கிட்டயும் கேட்டுப் பாருங்க.

சரின்னு சைக்கிளைத் திருப்புறேன். மாஸ்டர் பாத்துட்டார். பட்டு வேட்டியோட ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். "குருவையாண்ணே, வாசல் வரைக்கும் வந்துட்டு அப்படியே போறீங்களே"ங்கறார். அப்புறம் காதுகிட்ட வந்து, "நம்ம பேர்ல ஏதாவதாண்ணே?"ன்னார். கேட்டா சொல்லணுமா இல்லையா? சொன்னேன். அந்தப் பொண்ணு சிவில்ல போட்டிருக்கு, வீட்டு மேல ஜப்தி மனு, நல்ல காரியம் முடியட்டும், அப்புறம் வர்றேன்னேன். மூஞ்சி ஒரு நிமிஷம் வெளுத்துச்சு. அப்புறம் சிரிச்சார். "முதல்ல சாப்பிடுங்க"ன்னார். பந்தல்ல நிக்கிறவங்க எல்லாம் பாக்குறாங்க. சாப்பிடாம வந்தா என்ன நினைப்பாங்க? மூணாவது பந்தியில உக்காந்தேன். பாயசம் நல்லாத்தான் இருந்துச்சு.

காசு வாங்கினேனான்னு நீங்க மனசுல நினைக்கிறது எனக்குத் தெரியுது. ஒத்தப் பைசா தொடல தம்பி. வாங்குற ஆளுங்க இருக்காங்க, எங்க செக்‌ஷன்லயே இருக்காங்க, அவங்க மூஞ்சியைப் பாத்தாலே எனக்குக் குமட்டும். எனக்குக் கிடைச்சது ஒரு தாம்பூலப் பை. அதுல ஒரு தேங்காய். அதுவும் அழுகல்.

நோட்டீஸ் ஏன் சேரலைன்னு கோர்ட்டுக்கு எழுதணும்ல? கல்யாணம் நடந்துச்சு, அதனால குடுக்கலைன்னு எழுத முடியுமா? வழக்கமா எழுதுறதையே எழுதினேன். "வீடு பூட்டியிருந்தது. விசாரித்ததில் குடும்பத்துடன் வெளியூர் சென்றிருப்பதாகத் தெரிய வருகிறது." டீக்கடைக்காரன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அவன் எதுல போட்டோம்னு படிச்சதே கிடையாது.

அப்புறம் மறுபடி உத்தரவாகி, ரெண்டு மாசம் கழிச்சுப் போறேன். சம்பந்தி வீட்டு ஆளுங்க விருந்துக்கு வந்து கூடத்துல உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி எப்படி நீட்டுறது? ஒரு காபியைக் குடிச்சுட்டு வந்துட்டேன். அதே ரெண்டு வரி. மறுபடி மூணு மாசம் கழிச்சுப் போனேன். அன்னைக்கு மாஸ்டரே வாசலுக்கு வந்து, "குடுங்கண்ணே"ன்னு வாங்கிக்கிட்டார். கையெழுத்துப் போட்டார் பாருங்க! அச்சுல வார்த்த மாதிரி. அந்தக் கையெழுத்தைப் பாக்குறப்ப எனக்கு அந்த ரெண்டு பக்கம் ஞாபகம் வந்துருச்சு. என் பேனாவைத் திருப்பிக் குடுத்தார். அந்தப் பேனாவை அப்புறம் நான் தொடல, தூக்கிப் போட்டுட்டேன்.

அவர் பேப்பரை வாங்கினப்புறம்தான் விஷயம் டவுன் பூராப் பரவுச்சு. கிளாஸுக்குப் பிள்ளைகளை அனுப்புறதை ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. ஆனா வீடு? வீடு எப்பவோ கைமாறிருச்சு. கல்யாணம் முடிஞ்ச ஒம்பதாம் நாளே மக பேருக்குத் தானமா எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டார். கேட்டா, "மகளுக்குக் கல்யாணச் சீரா எழுதினேன், அப்ப வழக்கு இருக்குறதே எனக்குத் தெரியாது"ங்கறார். ஆதாரம்? அமீனா எழுதின ரிப்போர்ட்! வீடு பூட்டியிருந்தது, ஆளு ஊர்ல இல்ல. என் எழுத்தையே எடுத்து எனக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டான் தம்பி. வழக்கு இருக்குன்னு தெரிஞ்சு எழுதினான்னு காட்டினாத்தான் அந்தத் தானப் பத்திரத்தை உடைக்க முடியும்னு வக்கீலம்மா சொன்னாங்க. தெரியும்னு சொல்ல உலகத்துல ஒரே ஒரு ஆளுதான் உண்டு. அது நான்.

அந்தம்மா லேசுப்பட்ட ஆளு இல்ல. கல்யாணப் பத்திரிகையை எங்க இருந்தோ தேடிப் பிடிச்சுட்டாங்க. "எமது இல்லத்தில்"னு போட்டிருக்கு, தேதி போட்டிருக்கு. அதே தேதியில வீடு பூட்டியிருந்ததுன்னு நான் எழுதியிருக்கேன். முகூர்த்த நாளன்னைக்குக் கல்யாண வீடு எப்படிப் பூட்டியிருக்கும்னு மனுப் போட்டு என்னைச் சாட்சியா இழுத்துட்டாங்க.

நேத்து மாஸ்டரோட மச்சினன் வீட்டுக்கு வந்தான், பழக்கூடையோட. "எழுதினதை அப்படியே சொல்லுங்கண்ணே, போதும். பந்தல் போட்டுட்டு எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தோம்னு நாங்க பாத்துக்கறோம்"ங்கறான். என் வீட்டுக்காரி அவன் போனதும், "நாலு மாசம்தாங்க. பென்ஷனைக் கெடுத்துக்காதீங்க"ன்னு கையைப் பிடிச்சா. அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் பூட்டியிருந்துச்சுன்னே சொல்லிரலாம்னுதான் போனேன். மறைக்க என்ன இருக்கு.

கூண்டுல ஏறினேன். சத்தியம் வாங்கினாங்க. அந்தப் பொண்ணு கடைசி பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. இன்னைக்குத்தான் முதல் தடவை பாக்குறேன். நாங்க எப்பவும் எதிராளி மூஞ்சியைத்தானே பாப்போம், வழக்குப் போட்டவங்க மூஞ்சியை எங்க பாக்குறது? சும்மா நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்துச்சு. மடியில ஒரு தண்ணி பாட்டில். அதோட மூடியைத் திறக்கும், மூடும், திறக்கும், மூடும். தண்ணி குடிக்கல.

வக்கீலம்மா கேட்டாங்க, "அன்னைக்கு அந்த வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேங்க."

"வீடு எப்படி இருந்துச்சு?"

நான் வாயைத் திறக்குறேன். மாஸ்டர் முன் பெஞ்சுல இருந்து என்னைப் பாத்துத் தலையை ஆட்டுறார். சின்னதா ஒரு சிரிப்பு. பந்தியில நின்னுக்கிட்டு, "இந்த இலைக்கு இன்னும் கொஞ்சம்"னு கை காட்டுவாங்கள்ல, அந்த மாதிரி ஒரு ஆட்டல். நான் அவர் இலையில சாப்பிட்டவனாம். அவர் வீட்டு ஆளாம். எனக்கு அப்படியே குப்புனு வந்துருச்சு தம்பி.  நான் ஒண்ணும் நியாயவான் இல்ல, அந்தப் பொண்ணுக்காகச் சொன்னேன்னு பீத்திக்க மாட்டேன். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால தாங்க முடியல.

"திறந்திருந்துச்சுங்க. பந்தல் போட்டிருந்துச்சு"ன்னேன்.

 நீதிபதி அம்மா டைப் அடிக்கிற பிள்ளையை நிறுத்தச் சொல்லிட்டு, "நீங்க எழுதின ரிப்போர்ட்டுக்கு எதிரா சொல்றீங்க. என்ன ஆகும்னு தெரியுதா?"ன்னாங்க. "தெரியுதுங்கம்மா"ன்னேன். அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். மாஸ்டர் கையைப் பிடிச்சது, காதுல கேட்டது, ஜப்தி மனுன்னு நான் சொன்னது, சாப்பிட்டது. சாப்பிட்டதையும் டைப் அடிச்சுட்டாங்க தம்பி! "மூன்றாவது பந்தியில் உணவருந்தினேன்"னு ரெக்கார்டு ஆயிருச்சு. அது எதுக்கு? வழக்குக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? மாஸ்டரோட வக்கீல் எழுந்து, "அப்போ நீங்க பொய் ரிப்போர்ட் எழுதுறவர்"னு கத்துறார். எல்லாருக்கும் முன்னாடி. இவரு கட்சிக்காரங்களுக்காக நான் எழுதிக் குடுக்காத பூட்டா!

வெளியே வந்தா எங்க ஆபீஸ் ஆளுங்க ஒருத்தன் என் பக்கத்துல நிக்கல. டீ குடிக்கிற பயகூட செல்லைக் காதுல வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போறான். எங்க நாஜர், அதான் எங்களுக்கு மேல இருக்குறவர், "மெமோ வரும் குருவையா, வீட்டுக்குப் போங்க"ன்னுட்டார். பென்ஷன் நிக்குமோ என்னவோ. வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல. இந்த பஸ்ஸு வீட்டுக்குப் போற பஸ்ஸு இல்ல, தெரியுமா? சும்மா ஏறிட்டேன்.

இருங்க, சொல்லி முடிச்சுர்றேன். வராண்டாவுல நின்னேன். எதுக்கு நின்னேன்னா, அந்தப் பொண்ணு வரும், ஒரு வார்த்தை நன்றி சொல்லும்னு. அதை எதிர்பாக்குறது தப்பா? வேலையையே வச்சுச் சொல்லியிருக்கேன். வந்துச்சு. வக்கீலம்மா எனக்கு ஒரு வணக்கம் போட்டாங்க. இந்தப் பொண்ணு போடல. நேரா என் மூஞ்சியைப் பாத்துச்சு. நான்தான் கீழே குனிஞ்சேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு தடவை போனீங்கள்ல சார்"னு கேட்டுச்சு. "அப்ப மாடியில கிளாஸ் நடந்துச்சா?"

வீட்டைப் பத்திக் கேக்கல. பத்திரத்தைப் பத்திக் கேக்கல. அதைத்தான் கேட்டுச்சு.

நடந்துச்சு தம்பி. ரெண்டு தடவையும் நடந்துச்சு. மாடிப்படிக்குக் கீழ குட்டிக் குட்டிச் செருப்பா கிடந்துச்சு. ஒண்ணுல பிளாஸ்டிக் பூ ஒட்டியிருந்துச்சு. வழியை மறைக்குதுன்னு நான்தான் காலால ஒதுக்கிட்டு உள்ளே போனேன். மேல பிள்ளைங்க சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. நான் காபி குடிச்சுக்கிட்டு இருந்தேன். பிராது என் பையில இருந்துச்சு. ரெண்டு பக்கம் படிச்சிருந்தேன்.

கூண்டுல நின்னு அவ்வளவையும் சொன்னவனுக்கு அந்தப் பொண்ணு முன்னாடி வாய் வரல. "இல்லம்மா, பிள்ளைங்க யாரும் வரலம்மா, அப்பவே நிறுத்திட்டாங்க போல"ன்னு சொல்லிட்டேன்.

அந்தப் பொண்ணு கண்ணை மூடி ஒரு பெரிய மூச்சு விட்டுச்சு. "நல்லவேளை"ன்னுச்சு. அப்பத்தான் தம்பி, ரெண்டு கையையும் சேத்து என்னைக் கும்பிட்டுச்சு.